மாடியில் படம் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவருடைய அச்சகத்து மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படம் போடுகிறோம். ஒரு புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி. முதல் ஆறு மாதம் வெள்ளை வேட்டிதான் திரை. காற்றடித்தால் கதாநாயகியின் முகம் நெளியும். சங்கமும் இல்லை, ரசீதுப் புத்தகமும் இல்லை. போடுகிற படங்கள் பெரும்பாலும் சின்னக் காசில் எடுத்தவை. ஊரை விட்டுப் போனவர்கள், போன இடத்தில் ஒட்டாமல் நிற்கிறவர்கள், ‘நீ யாரு, எந்த ஊரு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே சலித்தவர்கள், இவர்களைப் பற்றியவை. வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன, பதில் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே.

சுயாதீனப் படம் என்றால் என்ன? பழைய ‘ஆர்ட் பிலிம்’தானே?

தாடி வைத்த ஒருவர் ஜன்னல் வழியாக வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். சில படங்களில் பார்த்துக்கொண்டும் இருப்பார், மறுக்கவில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பணம் போட்டவர் ‘இந்த இடத்தில் ஒரு பாட்டு வை, அந்த முடிவை மாற்று’ என்று சொல்லி, இயக்குநர் கேட்டே ஆகவேண்டிய நிலை இருந்ததா? இல்லையென்றால் அது சுயாதீனப் படம்.

பணம் எங்கிருந்தும் வரலாம். செழியனின் ‘டு லெட்’ சொந்தக் காசில் எடுத்தது. தயாரிப்பாளர் அவர் மனைவி. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்குப் பணம் போட்டவர் விஜய் சேதுபதி. ஆனால் படத்தில் அவர் முகம் கிடையாது. அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ படத்துக்கு ராட்டர்டாம் திரைப்பட விழாவை ஒட்டி இயங்கும் ஹ்யூபர்ட் பால்ஸ் நிதி உதவியது. பெரிய நடிகர் இருந்தாலே சுயாதீனம் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். மம்முட்டியே தயாரித்து நடித்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ எந்தக் கணக்கில் சேரும் என்று எங்கள் மாடியில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அது சரி, ஏன் மாதாமாதம் இடம்பெயர்வுப் படமே? வேறு விஷயம் கிடையாதா?

உங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் வெளியூரில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு இதைக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்பு போனவர்கள், அங்கிருந்து மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நெல்லைச் சீமையில் எத்தனையோ ஊர்களில் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் போனவர்கள் கதை தனி. அங்கே 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஓர் அமைப்பு தொடங்கும் அளவுக்கு அந்த ஊர் சனம் திரண்டிருந்தது. அந்தக் காலத்தில் கடல் தாண்டியவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். கடையநல்லூர்க்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள், பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். தோல் பதனிடும் வேலைக்குப் பம்பாய் தாராவிக்குப் போனவர்கள், சென்னையில் தெருமுனைக்குத் தெருமுனை அண்ணாச்சி கடை போட்டவர்கள், மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்கள். இப்போது பெங்களூர்.

வந்தவர்களும் உண்டு. ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த அல்வாவை இங்கே நிலைநிறுத்தியவர்கள் ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த சிங் குடும்பங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் வரிசையில் நிற்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதே அவர்கள் ஊரோடு ஒட்டிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் ஊர்க்காரரா இல்லையா என்பதற்கு ஆதார் அட்டையைப் பார்ப்பதில்லை. கோயில் கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்கிற நோட்டைப் பார்ப்பார்கள். தலைக்கட்டுக்கு, குடும்பத்துக்கு, இவ்வளவு என்று எழுதியிருக்கும். மூன்று தலைமுறையாகப் பம்பாயில் இருக்கிறவர் பெயர் அதில் இருக்கும். அவர் பேரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாது. எதிர்வீட்டில் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறவர் பெயர் அதில் இருக்காது. அவர் கொடுத்தால் அது ‘நன்கொடை’. வரிக்கும் நன்கொடைக்கும் நடுவில் நிற்கிற ஆட்களின் கதைதான் நாங்கள் போடுகிற எல்லாப் படமும்.

இதுவரை இந்த மாதிரிப் படமே பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

‘டு லெட்’. 2019-ல் திரைக்கு வந்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்கு முன்பே வாங்கிவிட்டது. கதை 2007-ல் சென்னையில் நடக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட காலம். சினிமாவில் வாய்ப்புத் தேடும் கணவன், மனைவி, சின்னப் பையன், மூவரையும் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார் வீட்டுக்காரம்மா. அவர்கள் வீடு தேடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. கதவு, குழாய், தெருச் சத்தம் மட்டும்.

‘இதில் இடம்பெயர்வு எங்கே இருக்கிறது’ என்று கேட்கலாம். ஒரே நகரத்துக்குள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதற்கே சாதி, மதம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் சொல்லவேண்டியிருந்தால் அது பாஸ்போர்ட் இல்லாத எல்லைச் சாவடிதானே. நாங்கள் போட்ட அன்று பெருமாள்புரத்தில் மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்திருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நானும் இப்படித்தாம்டே கேக்கேன்” என்றார். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். நிறுத்தவில்லை.

படங்கள் ரொம்ப மெதுவாகப் போகின்றன. தூக்கம் வருகிறது. என்ன செய்ய?

தூங்குங்கள். மாடியில் நல்ல காற்று. குறட்டை விட்டால் மட்டும் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுவார்.

நிஜமாகவே கேட்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 75 நிமிடம்தான். 2021-ல் ராட்டர்டாமில் முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. ‘நசீர்’ படமும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை இடைவேளையில் பப்ஸ் சாப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இது நீளம் என்று தோன்றுவதற்குக் காரணம் கடிகாரம் கிடையாது. அடுத்தது என்ன என்று படம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகாததால் வருகிற சங்கடம் அது. கூழாங்கல்லில் அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். புகுந்த வீட்டில் விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்த தன் சகோதரியை நினைத்து எடுத்த படம் என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். அந்த நடையை மூன்று ஷாட்டில் முடித்தால் அது நடையா? வினோத்ராஜே சிறுவயதில் மதுரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், பிறகு சென்னையில் டிவிடி கடையில் நின்றவர்.

‘நசீர்’ மெதுவாகப் போவதற்குக் காரணமே வேறு. கோவையில் துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் ஒரு மனிதரின் ஒரு நாள். காலையில் எழுகிறார், மனைவியை ஊருக்குப் பஸ் ஏற்றுகிறார், கடை திறக்கிறார், கவிதை சொல்கிறார், மத்தியானம் வீட்டுக்கு வந்துபோகிறார். பின்னால் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு மதவெறிப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாமும் அவரைப் போலவே அதைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிடுகிறோம். கடைசிச் சில நிமிடங்களில் அந்தப் பேச்சு தெருவுக்கு இறங்கி வருகிறது. முன்னால் அவ்வளவு நேரம் அவரோடு சும்மா இருந்திருக்காவிட்டால் அந்த முடிவு வெறும் செய்தித்தாள் துணுக்காகப் போயிருக்கும். இதன் மூலக்கதை திலீப்குமாருடையது. குஜராத்தியை வீட்டுமொழியாகக் கொண்டு, கோவையில் வளர்ந்து, தமிழில் எழுதுகிறவர். ‘நீ எந்த ஊர்க்காரன்’ என்ற கேள்வியை அவரிடம் கேட்டால் பதில் சொல்ல ஒரு நாள் ஆகும்.

நம்ம ஊரைப் பற்றி இப்படி எந்தப் படமும் வரவில்லையா?

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, ‘கர்ணன்’, ‘வாழை’ எல்லாம் நம் மண்ணின் படங்கள். தியேட்டரில் ஓடியவை, நீங்களே பார்த்திருப்பீர்கள், நாங்கள் மாடியில் போடத் தேவையில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, ஜனம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்துப்போனார்கள். அதைப் பற்றிய படம். கொக்கிரகுளம் பாலத்தில் தினமும் பஸ்ஸில் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது நடந்ததே தெரியவில்லை. ஒரு பெண் படம் முடிந்ததும் கேட்டார்: “சார், இது நம்ம கலெக்டர் ஆபீஸா?”

மாஞ்சோலையை இடம்பெயர்வுக் கணக்கில் சேர்ப்பதற்குக் காரணம் சொல்கிறேன். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட மலை அது. கணக்குப் போட்டால் 2028-ல் முடியும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் குடியிருப்புகள். கீழே இருந்தும் கேரளத்திலிருந்தும் கூட்டிக்கொண்டுபோன ஆட்களின் பேரன் பேத்திகள் அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, அங்கேயே சர்ச்சும் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். 2024-ல் விருப்ப ஓய்வு, வீட்டைக் காலி செய் என்று வந்துவிட்டது. பிறந்த ஊரில் ஒரு செங்கல்கூட அவர்கள் பெயரில் கிடையாது. கீழே இறங்கினால் எந்த ஊர் வரி நோட்டிலும் பெயர் கிடையாது.

அப்படி இறங்கி விக்கிரமசிங்கபுரத்தில் குடியேறிய ஓர் அம்மா, மகளோடு ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ பார்க்க வந்தார். அது தேனிப் பக்கத்துக் கதை. ஏலக்காய் மூட்டை சுமந்து, காசு சேர்த்து, ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படும் ரங்கசாமி. மூட்டை அவிழ்ந்து பள்ளத்தில் கொட்டும் காட்சியில் எல்லோரும் ‘அய்யோ’ என்றார்கள். இந்த அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. முடிந்தபிறகு, “அந்தச் செருப்பு போட்டு அந்தத் தடத்துல நடக்க முடியாது, அட்டை கடிக்கும்” என்றார். படத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அப்புறம் மாஞ்சோலையில் மழைக்காலத்தில் அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொள்வதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணி நேரத்தை யாரும் படம் எடுக்கவில்லை, நாங்களும்தான். போனில் சார்ஜ் இல்லை. இன்றுவரை வருத்தம்.

அந்தப் படத்தின் கடைசியில் காற்றாலை வரும். எப்படி வரும் என்று சொல்லமாட்டேன். காற்றாலை நிறைந்த பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

இலங்கைத் தமிழர் படங்கள் நமக்கு எதற்கு? அது வேறு நாட்டுப் பிரச்சினை இல்லையா?

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் குடியுரிமை இல்லாமல் இருந்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நெல் மூட்டையைப் பங்கு போடுவது மாதிரி. அந்த ஐந்தேகால் லட்சத்தில் பலருடைய தாத்தா பாட்டி திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் நம் பக்கத்து மருதி கடல் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அதை வாசித்தவர்கள் வேறு நாட்டுப் பிரச்சினை என்று சொல்லமாட்டார்கள்.

போருக்குப் பின்னால் வந்த படங்களில் ‘தீபன்’ 2015-ல் கான் விழாவில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கியது. எடுத்தவர் பிரெஞ்சுக்காரரான ழாக் ஓதியார். படத்தின் பெரும்பகுதி தமிழ். நடித்தவர் ஷோபாசக்தி, சிறுவயதில் இயக்கத்தில் இருந்து பிறகு பிரான்சில் அகதியாகி எழுத்தாளர் ஆனவர். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் குடும்பமாகிறார்கள். பாரிஸ் பக்கத்து அடுக்குமாடியில் அந்தப் பொய்யைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலில் அந்தச் சிறுமி, மற்ற அம்மாக்கள் செய்வது மாதிரி தனக்கும் முத்தம் கொடுக்கச் சொல்லிக் கேட்கிற இடம் ஒன்று போதும். கடைசியில் வருகிற துப்பாக்கிச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை மனிதராக இருந்தவரைச் சட்டென்று சினிமாக் கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள்.

ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ (2017) ஆவணப்படம். 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் குழந்தையாகக் கொழும்பிலிருந்து வடக்கே ரயிலில் தப்பியவர் எடுத்தது. அரசைக் கேட்பதோடு நிற்காமல் தமிழ்ப் போராளி இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதையும் கேட்கிறது. எங்கள் மாடியில் நாற்காலி பறக்காத குறை. அடுத்த மாதம் நான்கு பேர் வரவில்லை, அதற்கடுத்த மாதம் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தனுஷ்கோடியில் எடுத்தது. மீனவர்களும் அகதிகளும் அவர்களாகவே நடித்தார்கள். முதலில் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்து, மேல்முறையீட்டில்தான் வெளியே வந்தது. இங்கிருக்கும் அகதி முகாம்களின் பெயரை 2021-ல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, நல்லதுதான். அங்கே பிறந்து வளர்ந்து, இங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, நம்மைப் போலவே ‘ஏலே’ என்று கூப்பிடுகிற பையனுக்கு இன்னும் குடியுரிமை இல்லை.

மலேசியா, சிங்கப்பூர்ப் படங்கள் போட்டீர்களா?

போட்டோம். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரப்பர் எஸ்டேட்டுகள் கலைந்து, தமிழ்க் குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்துவிட்ட நேரம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படிக்கச் சொல்லி அடிக்கிற அப்பா, ரவுடிக் கூட்டத்தில் இருக்கிற சித்தப்பா. பையன் கெட்டுப்போகிறான் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், படம் அப்படிச் சொல்லாது.

திரைக்கு வெளியே நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்ப் படம், மலாய் அல்லாத படம் என்று பிரிவு வைத்து, ‘ஜகாட்’ படத்தை இரண்டாவதில் போட்டார்கள். மலேசியாவில் மலேசியர் எடுத்த மலேசியக் கதை, தமிழில் பேசியதால் வேறு வரிசை! அங்கத்துத் திரையுலகத்தினரே சண்டை போட்டார்கள். கடைசியில் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டு, சிறந்த மலேசியப் படம் என்ற விருதை இதற்கே கொடுத்தார்கள். நன்கொடைப் பட்டியலில் இருந்த பெயரை வரி நோட்டுக்கு மாற்றி எழுதிய மாதிரி.

சிங்கப்பூரிலிருந்து எரிக் கூவின் ‘மை மேஜிக்’ (2008). தமிழ் பேசும் குடிகார வித்தைக்காரனும் அவன் மகனும். கான் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம். கண்ணாடி தின்கிற காட்சிகளை என்னால் பார்க்க முடியவில்லை. நெஞ்சுரம் உள்ளவர்கள் பாருங்கள்.

ஊரை விட்டே போகாதவருக்கு அடையாளச் சிக்கல் வருமா?

செங்கோட்டைக்காரரிடம் கேளுங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், அதாவது இன்றைய கேரளத்துப் பக்கம் இருந்தது. முதல் நாள் ராத்திரி ஒரு மாநிலத்தில் தூங்கி, காலையில் இன்னொரு மாநிலத்தில் எழுந்தார்கள். ஒரு கட்டிலைக்கூட நகர்த்தவில்லை.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ அந்த விளையாட்டைத்தான் ஆடுகிறது. வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் மலையாளி ஜேம்ஸ், மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, பழனிப் பக்கத்து ஒரு கிராமத்துக்குள் நடந்துபோய், காணாமல்போன சுந்தரம் ஆகிவிடுகிறார். தமிழ் பேசுகிறார், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறார், ‘என் வீட்டில் இவர்கள் யார்’ என்று சொந்தக் குடும்பத்தையே பார்த்து எரிச்சல் படுகிறார். ஊர் முழுக்க எங்கிருந்தோ பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கும். கேரள எல்லையை ஒட்டிய மேக்கரை, புளியரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் சப்டைட்டில் பார்க்காமல் சிரித்தார்கள்.

சப்டைட்டில் இங்கிலீஷில் ஓடுகிறது. படிக்க முடியவில்லை. என்ன செய்வீர்கள்?

ஒருமுறை நானே மைக் பிடித்து ஓடஓடத் தமிழில் சொன்னேன். பத்தாவது நிமிடத்தில் நான் ஒரு வசனம் பின்னால் இருந்தேன், இருபதாவது நிமிடத்தில் ஒரு காட்சி பின்னால். கணவன் செத்துப்போன பிறகு ‘சாப்பிட்டீங்களா’ என்று மனைவி கேட்பதாக வந்துவிட்டது. அந்த முயற்சி அதோடு சரி. இப்போது படம் தொடங்குமுன் ஒரு பக்கம் கதைச்சுருக்கம் கொடுக்கிறோம். அச்சகம் கீழேதானே இருக்கிறது.

பேச்சே குறைவான படங்களைத் தேடியும் போடுகிறோம். அச்சல் மிஸ்ராவின் ‘கமக் கர்’ (2019) மைதிலி மொழிப் படம், பீகாரில் தர்பங்கா பக்கம். ‘ஊர்வீடு’ என்று அர்த்தம். கதாநாயகன் என்று யாரும் கிடையாது, வீடுதான். 1998-ல் வீடு நிறைய சொந்தம், சீட்டாட்டம், மாம்பழம், பெண்கள் கூடிச் சமையல். 2010-ல் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், டில்லியிலிருந்து போன் வருகிறது. 2019-ல் பாழ். வருடம் கூடக்கூடத் திரையின் அகலமும் கூடுகிறது. ஆள் குறைய, இடம் பெரிதாகிறது. கல்லிடைக்குறிச்சித் தெருக்களிலோ, திசையன்விளைப் பக்கத்துக் காரை வீடுகளிலோ கொடை முடிந்த மறுநாள் நடந்துபார்த்தவர்களுக்கு மைதிலி தெரியவேண்டியதில்லை.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் படம் போட்டதுண்டா?

ஒரே ஒருமுறை. கட்டட வேலைக்கு வந்து மேலப்பாளையம் ரோட்டில் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்கள், இருபது பேர் வந்தார்கள். பிரதீக் வத்ஸின் ‘ஈப் ஆலே ஊ’ (2019) போட்டோம். டில்லியில் அரசாங்கக் கட்டடங்களில் குரங்கு விரட்டும் வேலைக்குச் சேர்ந்த பீகார்ப் பையனின் கதை. தலைப்பே குரங்கை விரட்டுகிற சத்தம்தான். அவர்கள் கதையை அவர்களுக்கே காட்டுகிறோம் என்று எங்களுக்கு உள்ளூரப் பெருமை.

முதல் பாதியில் நன்றாகச் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் போன் எடுத்தார்கள். முடிந்ததும் மேஸ்திரி எழுந்து நல்ல தமிழில், “இது எங்களுக்குத் தெரியும் அண்ணா. அடுத்த தடவை போஜ்புரி படம் போடுங்க, டான்ஸ் இருக்கிறது” என்றார். அவர் சொன்னது நியாயம். பகலெல்லாம் சிமெண்ட் சுமந்தவர் ராத்திரியும் அதையே ஏன் பார்க்கவேண்டும்? அந்தப் படத்தைப் பார்த்திருக்கவேண்டியவர்கள் ‘வடக்கன்’ என்று வாய் கூசாமல் சொல்லும் நம் ஆட்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நாள் போட்டோம். பதினொரு பேர் வந்தார்கள்.

இந்தப் படங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

சிலது ஓடிடி தளங்களில் வரும், போகும். எது எங்கே என்று நான் எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். டெலிகிராம் லிங்க் கேட்டு எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள். ஐம்பது பேர் ஒழுங்காகக் காசு கொடுத்துப் பார்த்தால்கூட இந்த இயக்குநர்களுக்கு அது ஒரு தொகைதான்.

திருவனந்தபுரத்தில் டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நமக்குச் சென்னையைவிடப் பக்கம். காலையில் கிளம்பினால் மத்தியானப் படம் பார்க்கலாம். ஆட்டோக்காரர்கூட எந்தப் படம் நல்லாருக்கு என்று சொல்வார். மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998-லிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறார். அங்கேயும் போய்ப் பாருங்கள்.

நானும் இப்படி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

வீட்டில். எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பரணில் ஒன்றிரண்டு கிடந்தாலும் கிடக்கும், பூஞ்சை பிடிக்குமுன் எடுங்கள். ஒரு மனிதர் அறையில் தனியாக உட்கார்ந்து இல்லாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கொஞ்சுகிற அந்தக் குரலுக்கு ஈடாக நீங்கள் ஒரு வசனமும் எழுத முடியாது.

கேமராவைப் பற்றிக் கவலை வேண்டாம், போன் போதும். சத்தத்துக்குக் காசு செலவழியுங்கள், ஒரு நல்ல மைக் வாங்குங்கள். எங்களுக்கு வருகிற குறும்படங்களில் பத்தில் எட்டு, வீணை இசை போட்டுப் பேச்சை மூழ்கடித்தவை. பாட்டியை உட்கார வைத்து ‘அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு’ என்று கேட்டு அழவைக்காதீர்கள். அவர் முருங்கைக்கீரை ஆய்கிறபோது பக்கத்தில் இருங்கள், தானாகச் சொல்வார். எடுத்ததை வெளியே காட்டுமுன் அவரிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள், குறிப்பாக முகாமில் இருக்கிறவர்களிடம். உங்களுக்கு அது படம், அவர்களுக்கு அது விசாரணைக்கு வரும் ஆளின் கையில் கிடைக்கிற தகவல்.

பொதுவில் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ‘செங்கடல்’ மேல்முறையீட்டுக்குப் போன தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது மறுத்தால் உயர்நீதிமன்றம்தான். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை, வக்கீல் நண்பர் ஒருவரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு.

கதை கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சிங்கப்பூரில் மசாலா அரைத்த கடையநல்லூர்ப் பெண்களை வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் காட்சிக்கு என் மாடி இலவசம்.

கட்டணம் எவ்வளவு? சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

கட்டணம் இல்லை. டீக்கு உண்டியல் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் படத்தைப் பொறுத்து முன்கூட்டியே சொல்லிவிடுவோம். ‘ஜகாட்’ முழுக்க நல்ல கெட்ட வார்த்தைகள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சீரியல் தவிர எதுவும் பார்ப்பதில்லை. கூட்டி வரலாமா?

தாராளமாக. ‘கமக் கர்’ போட்ட அன்று நண்பரின் ஆச்சி ஒருவர் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தார், வீட்டில் கரண்ட் இல்லை என்று. அவர் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று ஊரில். முக்கால்வாசி நேரம் வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்தார். மூன்றாவது பகுதி வந்ததும் பக்கத்தில் இருந்த என்னைத் தட்டி, “ஏ யய்யா, இப்ப இந்த வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படம் முடிகிற வரைக்கும் அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டு பதினெட்டு, கைப்பிடி இடது பக்கம் மட்டும். கீழேயிருந்து ஒரு சத்தம் கொடுங்கள், யாராவது இறங்கி வந்து கைபிடித்துக் கூட்டிப்போவோம்.